பதினைந்தாம் அதிகாரம்

"இருபத்தி மூணாம் சங்கீதத்துல வச்சிடலாம் ஜெயா. யாருக்குத் தெரியப் போகுது?" என்று சொல்லிக்கொண்டே ஈவ்லின் பைபிளில் பக்க அடையாளமாகக் கிடந்த நாடாவை உருவப் போனாள். ஜெயசீலி நாத்தனாரின் கையை எட்டிப் பிடித்தாள்.

படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே கூடத்தில் ஜெயசீலியின் கணவர் காலேப் சவப்பெட்டிக்குள் படுத்திருந்தார். விடியற்காலையில் பல் தேய்க்கப் போனவர் குளியலறை வாசலிலேயே சரிந்துவிட்டார். டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நாலு மணிக்கு அடக்கம். அதற்கு முன் ஜெபக்கூட்டம் நடத்த பாஸ்டர் அசரியா வருவார். சிக்கலே அவரால்தான்.

செம்பாக்கம் சபையில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் இறந்தாலும் இறந்தவரின் பைபிளைக் கேட்டு வாங்குவார். நாடா காட்டுகிற, இறந்தவர் கடைசியாகப் படித்த அதிகாரத்தை ஒரு வசனம் விடாமல் வாசித்து, அதிலிருந்தே பிரசங்கம் செய்வார். அந்தச் சபையில் அறுபதைத் தாண்டியவர்கள் தூங்கப் போகுமுன் நாடாவைச் சங்கீதத்துக்கோ யோவானுக்கோ மாற்றிவிட்டுத்தான் விளக்கை அணைப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

காலேப் மாற்றவில்லை. நாடா லேவியராகமம் பதினாலில் கிடந்தது. குஷ்டரோகத்தில் ஆரம்பித்து வீட்டுச் சுவரில் பூசணமாகப் பூக்கும் தோஷத்தில் முடிகிற அதிகாரம். ஐம்பத்தேழு வசனம்.

"எல்லாரும் சிரிப்பாங்க. என் தம்பி மானம் போயிடும்," என்றாள் ஈவ்லின்.

ஜெயசீலிக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்தது நாத்தனாருக்குத் தெரியாது. வருஷப் பிறப்பு ஆராதனையில் சபையில் ஓர் அட்டை கொடுப்பார்கள். நாளுக்கு ஒரு அதிகாரம், நாளுக்கு ஒரு கட்டம். பதினோரு வருஷமாகக் காலேப் அதை வாங்கி வந்து சுவரில் மாட்டினார். மார்ச்சில் ஆசரிப்புக் கூடாரத்தை எத்தனை முழத்தில் கட்டுவது என்கிற முழக்கணக்கு வந்ததும் அவருடைய பக்தி படுத்துவிடும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பும்போது ஏழு கட்டத்துக்கும் சேர்த்து ஒரே மூச்சில் டிக் போடுவார். ஆபீஸ் வருகைப் பதிவேட்டில் பழகிய கை.

இந்த ஜனவரியில் ஜெயசீலி ஒரே போடாகப் போட்டாள். "இனிமே சத்தமா படிங்க. அடுப்படில எனக்குக் கேக்கணும். கேக்கலேன்னா காபி கிடையாது."

காபிக்காகத்தான் தொடங்கினார். ஆனால் மனுஷன் பிடித்துக்கொண்டார். முழக்கணக்கைத் தாண்டினார். காய்ச்சல் வந்த நாளிலும் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். லேவியராகமம் வந்ததும், "கொழுப்பு, ஈரல்னு டாக்டர் எனக்கு விலக்குனதெல்லாம் இங்கதான் இருக்கு ஜெயா," என்று பெருமூச்சு விட்டார். நேற்றுக் காலை பாதியில் நிறுத்தி, "ஜெயா, நம்ம ஹால் சுவத்தைப் பத்திப் போட்டிருக்கு, ஓடி வா!" என்று கத்தினார். அவள் தோசைக் கரண்டியும் கையுமாக ஓடிப் போய்க் கேட்டாள்.

"அண்ணி, சபை அட்டையில பதினோரு வருஷமும் பொய் டிக்," என்றாள் ஜெயசீலி. "இந்த வருஷத்து நூத்தி நாலு நாள்தான் நிஜம். அதையும் நாம பொய்யாக்கணுமா?"

ஈவ்லின் பைபிளை அவள் மடியில் வைத்தாள்.

கூடத்தில் ஜெபக்கூட்டம் தொடங்கியதும் பாஸ்டர் அசரியா பைபிளைத் திறந்தார். முகம் மாறியது. குனிந்து மெல்ல, "சிஸ்டர், இதுதானா?" என்று கேட்டார்.

"அதுதான் பாஸ்டர். நேத்து காலையில படிச்சது."

தானே போட்ட வழக்கம், தப்ப வழியில்லை. வாசித்தார். குருவிகளையும் ஆட்டுக்குட்டிகளையும் சனங்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு வீடு வந்தது. சுவரில் பச்சையாகவும் சிவப்பாகவும் குழிந்த தோஷம் இருந்தால் ஆசாரியன் வந்து பார்க்க வேண்டும் என்று வாசித்தபோது, கூடமே பெட்டிக்குப் பின்னாலிருந்த சுவரைத் திரும்பிப் பார்த்தது. போன மழைக்கு ஏரித் தண்ணீர் ஊறி, பச்சையும் சிவப்புமாக அது உப்பிக் கிடந்தது. பாஸ்டரும் பார்த்தார். பார்த்துவிட்டு, சுவரைச் சுரண்டு, கல்லைப் பெயர்த்தெடு, அதற்கும் அடங்காவிட்டால் வீட்டையே இடி என்று தொடர்ந்தார்.

பக்கத்து வீட்டு கங்கையம்மாள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். "இன்னா ஜெயாம்மா, சாவு வூட்டுக்கு வந்து செவுத்த இடிக்க சொல்லினுகீறாரு இவுரு?"

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். ஈவ்லின் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது. ஜெயசீலியும் அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்த வாயை மூடுவதற்குள் அழுகையும் வந்துவிட்டது. காலையிலிருந்து வராத அழுகை அவளை நன்றாகப் பிடித்து உலுக்கியது.

பாஸ்டர் ஐந்தே நிமிஷத்தில் பிரசங்கத்தை முடித்தார். அந்தச் சபையில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. ஜெபம் முடிந்து நாலு பேர் பெட்டியைத் தூக்கக் குனிந்தார்கள்.

"கொஞ்சம் இருங்க," என்றாள் ஜெயசீலி. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பாஸ்டர், இன்னைக்குப் பதினஞ்சாம் அதிகாரம். அவர் இன்னும் படிக்கல."

பாஸ்டர் அசரியாவுக்குக் காது சிவந்தது. "சிஸ்டர், அந்த அதிகாரம் சபையில வாசிக்கிறதில்ல. ஆம்பளை, பொம்பளை உடம்பு விஷயமெல்லாம் வருது."

"நீங்க வாசிக்க வேணாம்."

அவர் கையிலிருந்த பைபிளை வாங்கிக்கொண்டாள். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் பெட்டியின் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தைப் புரட்டினாள். முதல் வசனத்தை எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே தொடங்கினாள்.

குனிந்த நாலு பேரும் நிமிர்ந்து கையைக் கட்டிக்கொண்டார்கள். வாசலில் கல்லறைக்குப் போகக் காத்திருந்த வண்டிக்காரர் இன்ஜினை அணைத்தார்.