ஆரஞ்சு மங்கி குல்லா

மார்கழிப் பனியில் உத்தனப்பள்ளி ஸ்டாப்பில் நிற்பவர்களுக்கு முகம் கிடையாது, தலை மட்டும்தான். நான்கைந்து கம்பெனி ஆட்கள் ஒன்றாக நிற்கிற இடம். பஸ் ஓட்டுகிறவர்கள் குல்லாவைப் பார்த்துத்தான் தங்கள் ஆளுக்கு நிறுத்துவார்கள். ஆண்களுக்கு மங்கி குல்லா. பெண்கள் துப்பட்டாவைச் சுற்றிக்கொள்வார்கள். துப்பட்டாக்கள் எல்லாம் பனியில் ஒரே சாம்பல் நிறம்.

அதனால்தான் வின்சி இரண்டு தரம் பஸ்ஸை விட்டாள். செல்போன் விளக்கை ஆட்டியும் பார்த்தாள். பால் வண்டிக்கு நிற்கிற ஆள் என்று நினைத்தாராம் டிரைவர் திம்மராயன்.

"இன்னொரு தரம் லேட்டானா டிரெயினிங்ல இருந்து எடுத்துருவாங்க" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். புருஷன் லியோ போன பிறகு அவளுக்குக் கிடைத்த ஒரே வேலை அது.

பீரோவில், லியோ இதே பஸ்ஸுக்குப் போட்டுக்கொண்டு நின்ற குல்லா இருந்தது. கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு. அவன் அப்பா தலையில் உருமால் கட்டாமல் வாசல்படி தாண்டாதவர்; மாதா கோவிலுக்குள் மட்டும் அவிழ்த்து மடியில் வைத்துக்கொள்வார். "உருமாலு கட்ன தலைக்குப் பொறந்தவன் கொரங்கு குல்லா போடறான் பாரு" என்பார். லியோ சிரிப்பான். நெஞ்சுவலியில் அவன் போனதிலிருந்து வின்சி அதைத் துவைக்கவில்லை. பீரோவைத் திறந்தால் அவன் தலை வாசனை வரும். போட்டுக்கொண்டால் வாசனை போய்விடும். போடாவிட்டால் வேலை போய்விடும்.

மறுநாள் காலையில் போட்டுக்கொண்டாள். காது சூடானது.

பஸ் தூரத்திலேயே வேகம் குறைத்தது. கதவு திறந்தது.

"யோவ் லியோ, எங்கய்யா இத்தன நாளா..." திம்மராயனின் வாய் அப்படியே நின்றுவிட்டது. லியோவின் அடக்கத்துக்கு வந்து மண் போட்டவர் அவர்.



"லியோ இல்லீங்கண்ணா, வின்சி" என்றாள் அவள். குரல் உடையவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "ரெண்டு தரம் உட்டுட்டுப் போனீங்களே, அந்த வின்சி."

திம்மராயன் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஏறும்மா. தெனமும் இதையே போட்டுக்கினு நில்லு. ராயக்கோட்டையில இருந்தே தெரியுது."

"பொய்யி சொல்லாதீங்கண்ணா" என்றது பின் சீட்டு. சிரிப்பு கிளம்பியது.

பக்கத்தில் உட்கார்ந்த சுகுணா குல்லாவைத் தடவிப் பார்த்தாள். "என்னாடி, ஆம்பள குல்லாவ மாட்டிக்கினு வந்துட்ட? வெக்கமா இல்லியா?"

"காது குளுரலடி."

சுகுணா தன் ஈரத் துப்பட்டாவைப் பார்த்தாள். "எங்க கெடைக்கும்?"

கம்பெனியில் எல்லோருக்கும் ஒரே வெள்ளைத் தொப்பி. முடி ஒன்று கூட வெளியே தெரியக்கூடாது. லாக்கரில் ஆரஞ்சு குல்லா காத்திருந்தது. மாலையில் எடுத்து முகர்ந்தாள். அவள் தேங்காயெண்ணெய் வாசனைதான் அடித்தது. உள்பக்கம் திருப்பி இன்னொரு தரம் முகர்ந்தாள். பிறகு போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

பொங்கலுக்குள் ஸ்டாப்பில் பச்சைக் குல்லா சுகுணா, ரோஸ் குல்லா தமிழ்செல்வி. "ஆம்பள யாரு, பொம்பள யாருன்னே தெரியல" என்று திம்மராயன் புலம்பினார். ஆனால் யாரையும் விட்டுவிட்டுப் போகவில்லை.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வின்சி முதல் தடவையாகக் குல்லாவைத் துவைத்தாள். திங்கட்கிழமைக்குள் காய வேண்டுமே என்று வெயில் விழுகிற கொடியாகப் பார்த்துப் போட்டாள்.