துண்டுக்குள் பேசிய விலை

ஒரு சிநேகிதியின் விலை, அன்றைய ஜவ்வாது மலை நிலவரப்படி, பத்து இறகு. சூனியக்காரி கேட்ட விலை அது. திரையில் இருந்த குட்டித் தேவதை மறுபேச்சில்லாமல், "சரி, எடுத்துக்கொள்" என்று சிறகைத் திருப்பிக் காட்டினாள்.

பள்ளிக்கூடத்தில் கலவரம் தொடங்கியது அப்போதுதான்.

நான் மலையடிவாரத்துச் செங்கத்தில் மைக்செட், புரொஜெக்டர் வாடகைக்கு விடுகிறவன். அப்பாவும் சித்தப்பாவும் மாட்டுத் தரகர்கள். எங்கள் வீட்டில் கத்தரிக்காய் வாங்கினாலும் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். கோடை விடுமுறையின் கடைசி நாளில் மலைப் பிள்ளைகளுக்குப் படம் காட்ட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சன்னல்களைக் கோணியால் மூடிப் பட்டப்பகலை இருட்டாக்கி, கார்ட்டூன் படம் ஒன்றைப் போட்டேன். சூனியக்காரியிடம் மாட்டிக்கொண்ட தோழியை மீட்க ஒரு தேவதை காடு காடாகப் பறந்து போகிற கதை. அதுவரை எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தார்கள்.

"கேட்ட வெலைக்கே தலையாட்டுறா பாருடா! சந்தைக்கே போனதில்ல போல" என்று எழுந்தான் சின்னதம்பி.

"எறகு இல்லாம எப்டி வூட்டுக்குப் போவா? அங்க பஸ்ஸா வருது?" என்றது ஒரு வாண்டு.

"அண்ணா, படத்த நிறுத்துணா! பேசி முடிச்சிட்டு ஓட்டு!"

நிறுத்தினேன். சூனியக்காரி திறந்த வாயோடு நின்றாள்.

"தேவதைக்கு நான் பேசறேன்" என்று முன்னால் வந்தாள் செல்லி. அப்பாவோடு மாட்டுச் சந்தைக்குப் போய்ப் பழகிய பெண்.

"சூனியக்காரிக்கு யாரு?" என்று கேட்டான் சின்னதம்பி.

யாரும் அசையவில்லை. கெட்ட பெயர் யாருக்கு வேண்டும்? கடைசி வரிசையில் பிரியதர்ஷினி எழுந்தாள். "நான்."

கூச்சல் சட்டென்று அடங்கியது. எனக்கு விளங்கவில்லை. படம் பார்க்க வந்திருந்த பிரியாவின் அம்மா சுந்தரம்மாள் என் காதருகே சொன்னார்: "ரெண்டும் ஒரே தட்டுல துன்ன பசங்க. இவளுக்குச் செங்கத்துல ஹாஸ்டல் கெடைச்ச நாள்லேர்ந்து செல்லி மூஞ்சியே காட்டலங்க. நாளைக்குக் காலைல இவ கெளம்பணும். பேசாமயே போய்டுவேனான்னு ஒரே அழுகை."

பேசாதவர்கள் எப்படி விலை பேசுவது? செல்லி என்னிடம் கையை நீட்டினாள்.

"அண்ணா, துண்டு."

மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். வாய் திறக்க வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்பவனுக்கும் விலை தெரியாது. என் தோளில் கிடந்த துண்டுக்குள் இரண்டு கைகள் போயின.

செல்லி கல் போல நின்றாள். பிரியா முடியாதென்று தலையசைத்தாள். துண்டு துள்ளியது. செல்லி கையை உதறிக்கொண்டு போவதுபோல் ஓர் அடி எடுத்து வைத்தாள். தேர்ந்த தரகர் வைக்கிற அதே அடி. பிரியா விடவில்லை, இழுத்தாள். மறுபடி விரல்கள். விற்கிறவரும் வாங்குகிறவரும் இத்தனை நேரம் கையை விடாமல் நின்று நான் பார்த்ததில்லை.

"இன்னாடி, மாடா வாங்குறீங்க? சீக்கிரம்!" என்றான் சின்னதம்பி.

"கம்முனு இருடா!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். உடனே ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள்.

செல்லி துண்டை உதறினாள். "முடிஞ்சிது. மாசத்துக்கு மூணு."

"எறகுல இன்னாடி மாசம்?" என்றான் சின்னதம்பி.

"எறகு யாரு கேட்டா? சனிக்கெழம! மாசம் மூணு சனிக்கெழம இவ ஹாஸ்டல்லேர்ந்து வூட்டுக்கு வர்றா. நான் பத்து கேட்டேன்."

"மாசத்துல பத்து சனிக்கெழம ஏதுடி, லூசு?" என்றாள் பிரியா.

"ஏத்திக் கேட்டாதான எறக்க முடியும்!"

"அப்ப தேவதை?" சின்னதம்பி அழுதுவிடுவான் போலிருந்தது.

படத்தை ஓட்டினேன். எங்கள் பேரத்தைச் சட்டை செய்யாமல் சூனியக்காரி பத்து இறகையும் பிடுங்கினாள். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் ஒரு கோணியே அவிழ்ந்து விழுந்தது. முடிவில் தோழிகள் சேர்ந்தார்கள். இறகு தானாக முளைத்தது. பேரம் தெரியாமல் படம் எடுத்தால், கடைசியில் இலவசமாக முளைக்க வைத்துத்தான் சரிக்கட்ட வேண்டும். செல்லியும் பிரியாவும் அதைப் பார்க்கவேயில்லை. சேர்த்து வைத்திருந்த பேச்சையெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஜூன் முடிந்ததும் ஒரு கல்யாண மைக்செட்டோடு மலையேறினேன். வழியில் செல்லி நின்றிருந்தாள்.

"இன்னாம்மா, சொன்னபடி வந்தாளா?"

விரல் மடக்கிக் கணக்குச் சொன்னாள்: "பேசுனது மூணு. வந்தது ரெண்டு. ஒரு வாரம் பரிச்சையாம். பாக்கி ஒரு சனிக்கெழம. வட்டிக்கு ஒரு ஞாயித்துக்கெழமையும் சேத்து எழுதியிருக்கேன்ணா."