பச்சையில் போன அறுபத்தொன்று

அட்டையில் இருந்த பெயரை மூன்றாம் தரமும் வாசித்துவிட்டுத்தான் தயாபரன் தலையாட்டினான். குளிர் அறைக்காரன் தட்டை இழுத்தான். சில்லுகள் கிறீச்சிட்டன. மாமாவின் முகத்தில் நாலு நாள் தாடி. ஒரு புருவம் கொஞ்சம் உயர்ந்திருந்தது, ஆரோ சொன்னதை நம்பாதவர் மாதிரி.

"இவர்தானேப்பா?" என்று கேட்டார் மீராசா பாய். ஷார்ஜா ரோலாவில் பெட்டிக்கடை வைத்திருப்பவர். எந்த ஊர்க்காரன் செத்தாலும் கடையைப் பூட்டிவிட்டு வந்து பேப்பர் வேலை பார்ப்பவர்.

"ஓம் பாய். மாமாதான்."

அந்த நேரம் பார்த்து அவனுடைய சட்டைப் பைக்குள் மாமாவின் போன் அதிர்ந்தது. உடனேயே அவனுடைய போனும் அடித்தது. விஜயபாஸ்கர், மாமாவின் மேனேஜர்.

"தம்பி, அண்ணன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க. ஆறு நம்பர். சொல்லுங்க."

புதன்கிழமை ரெண்டு தரம், நேற்று ஒரு தரம், இப்படித்தான் கேட்டார். விசா கான்சல் பண்ணுவதற்கு என்றார். மாமாவின் விசாவை ரத்துச் செய்த பேப்பரைக் கம்பனி தந்தால்தான் சவப்பெட்டி கொழும்பு பிளேன் ஏறும். விசா வேலைக்குப் போனில் நம்பர் வருவது துபாயில் எல்லாருக்கும் தெரிந்த விசயம். மூன்று தரமும் அவன் கேள்வி கேட்காமல் சொன்னான். இப்போது மாமாவின் புருவத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வாய் வரவில்லை.

"பொறுங்கோ சேர், உள்ளுக்க நிக்கிறன்."

"சீக்கிரம் தம்பி. வெள்ளிக்கிழமை. பன்னெண்டு மணிக்கு எல்லா ஆபீசும் மூடிருவான். அப்புறம் திங்கக்கிழமைதான். நான் வெளிய கார்லதான் இருக்கேன், பேப்பர் கையில இருக்கு."

பேப்பர் கையில் இருக்கிறதென்றால் இந்த நம்பர் எதற்கு? ஒரு மனுசனுக்கு எத்தனை விசா?

வெளியே பெஞ்சில் இருந்து மாமாவின் போனைத் திறந்தான். அல் குசைஸில் ஒரே அறையில் ரெண்டு வருசம் இருந்தவன், பூட்டு எப்படித் திறக்கும் என்று தெரியும். வந்த செய்தியை முதல் தரமாக முழுதாக வாசித்தான். விசா என்ற சொல்லே இல்லை. இங்கிலாந்துக் கம்பனி ஒன்றின் பெயர். மாமாவின் பெயர். அறுபத்தொரு பத்திரங்களில் நாற்பத்தைந்து உங்களால் உறுதிசெய்யப்பட்டன, மிச்சம் பதினாறு. இந்த இலக்கம் பத்து நிமிசத்துக்கு மட்டும்.

உங்களால் என்று இருந்தது.

மாமாவின் மகள் கஜாலினி பெல்பாஸ்டில் நர்ஸ். இப்போது அங்கே இரவு டியூட்டி முடிகிற நேரம், போனைக் காதில் வைக்க முடியாது. வாயால் சொன்னால் எழுத்தாகும்படி வைத்து, மீராசா பாய்க்குக் கேட்காத குரலில் சொன்னான்.

"மச்சாள் நான் தயா மாமாவின்ர போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கு மேனேஜர் கேக்கிறார் விசாவுக்கு எண்டுதான் சொன்னவர் ஆனா இதில அறுபத்தொண்டு பத்திரம் எண்டு கிடக்கு நான் முந்தியே மூண்டு நம்பர் குடுத்திட்டன் மச்சாள் பிழை ஏதும் விட்டிட்டனோ தெரியேல்லை பயமாக் கிடக்கு"

ஒரு நிமிசம்கூட ஆகவில்லை. அவளே கோல் எடுத்தாள்.

"இந்த நம்பரும் குடுத்திட்டியோ?"

"இல்லை."

"குடுக்காதை. நான் துணி வைக்கிற அறைக்குள்ள நிண்டு கதைக்கிறன், மெல்லமாத்தான் கதைப்பன். கேள்."

மாமாவின் வேலை அவனுக்கு மேலோட்டமாகத்தான் தெரியும். இங்கிலாந்தில் இருந்து வட அயர்லாந்துக்குப் போகிற லொறிகளுக்கு அல் குசைஸில் இருந்து பேப்பர் போடுவது. பிரிட்டன் ஐரோப்பாவை விட்டுப் போன பிறகு ஒரே நாட்டுக்குள் சாமான் கடல் தாண்டவும் பேப்பர் வேண்டும் என்று வந்துவிட்டது. அங்கேயே விற்று முடிகிற சாமான் என்றால் பச்சை வழி, லேசாகப் போகலாம். எல்லை தாண்டி, ஐரோப்பாவோடு நிற்கிற மற்ற அயர்லாந்துக்குள் போகக்கூடியது என்றால் சிவப்பு வழி, வரி, சோதனை எல்லாம் உண்டு. கஜாலினி சாப்பாட்டுப் பெட்டிகளைப் படமெடுத்து அனுப்புவாள். 'ஐரோப்பாவுக்கு அல்ல' என்று அதில் ஒட்டியிருக்கும். மாமா படத்தைக் காட்டிச் சிரிப்பார். "பாரடா, என்ர பிள்ளை தின்னுற தயிர் போன கிழமையே என்ர மேசையால கடந்து போட்டுது."

"போன ஞாயிறு அப்பா என்னட்டச் சொன்னவர்," என்றாள் கஜாலினி. "எல்லைக்குப் பக்கத்தில ஒரு ஊர். முந்நூறு சனம் இருக்குமோ தெரியாது. அங்க ஒரே கடைக்கு அறுபத்தொரு லொறி சீஸ் போயிருக்கு, எல்லாம் பச்சையில. 'ஆரடி பிள்ளை இவ்வளவு சீஸையும் தின்னுறது, அந்த ஊரில ஆக்களோ எலியளோ' எண்டு சிரிச்சார். பிறகு சிரிக்கேல்லை. தான் சிவப்பெண்டுதான் போட்டவராம். ஆரோ மாத்தியிருக்கினமாம். பெயர் மட்டும் இவரின்ர."

"இப்ப என்னத்துக்கு அதைத் தோண்டுகினம்?"

"லண்டனில இந்த ஏற்பாட்டையே திருப்பி ஆராயினம். சரியா நடக்குதோ, மாத்த வேணுமோ எண்டு. இஞ்ச டீவியில தினமும் அதுதான். அந்தப் பயத்தில இங்கிலாந்துக் கம்பனி பழைய பேப்பர் எல்லாத்தையும் போட்ட ஆளே பாத்து, சரி எண்டு அமத்த வேணும் எண்டு கேட்டிருக்கு. அப்பா மாட்டன் எண்டவர்."

கடைசிக் கிழமை முழுக்க மாமா நித்திரை கொள்ளாமல் புரண்டதும், போன் வந்தால் எழும்பிக் குளியலறைக்குள் போனதும் ஞாபகம் வந்தது. செவ்வாய்க்கிழமை விடிய டியூட்டி முடிந்து வந்து கதவைத் திறந்து மாமாவைக் கண்டவன் அவன். மாரடைப்பு என்று பொலிஸ் எழுதியது. அதை நம்பினான். இப்போது எதை நம்புவது என்று தெரியவில்லை.

"மச்சாள், அதில நாற்பத்தைஞ்சு நான் குடுத்த நம்பராலதானே அமத்தினது."

"எப்ப குடுத்தனி?" என்றாள்.

"புதன். வியாழன்."

"அப்பா செவ்வாய்க்கிழமை போனவர். இறப்புப் பத்திரத்தில நேரம் கிடக்கோ?"

"காலமை ஆறு நாப்பது."

"படமெடுத்து அனுப்பு. அந்தச் செய்தியளையும். ஒண்டையும் அழிச்சுப் போடாதை, சிம்மையும் கழட்டாதை." குரல் உடைந்தது. "என்ர அப்பா... செத்த பிறகு வேலை செய்யிறார், என்ன?"

விஜயபாஸ்கர் காரை விட்டு இறங்கி உள்ளேயே வந்துவிட்டார். கையில் பிளாஸ்டிக் கோப்பு. மற்றக் கையில் மூடிபோட்ட கப்பில் டீ. அவனுக்குத்தான் வாங்கி வந்திருந்தார்.

"சாப்பிட்டீங்களா தம்பி? முகமே சரியில்ல. இந்தாங்க. நம்பர் சொல்லிட்டீங்கன்னா நான் பேப்பரைப் பாய் கையில குடுத்துட்டுப் போயிருவேன். சாயங்காலம் பெட்டி ஏறிடும்."

"சேர், இது விசா நம்பர் இல்லையே."

டீக் கப் அந்தரத்தில் நின்றது. "யார் சொன்னா?"

"செய்தியிலயே கிடக்கு. லொறி. அறுபத்தொண்டு."

அவர் சிரிக்கப் பார்த்தார். பெஞ்சில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "அதெல்லாம் உங்க மாமா பார்த்து முடிச்சதுதான் தம்பி. கிளிக் பண்றதுதான் பாக்கி, அதுக்குள்ள இப்படி ஆயிருச்சு. அண்ணன் எனக்குக் கூடப்பிறந்தவர் மாதிரி. நோன்பு மாசத்துல ஓவர்டைம்ல ரெண்டு பேரும் ஒரே பிளேட்ல பிரியாணி சாப்பிட்டவங்க."

"அப்ப ஏன் சேர் விசா எண்டு சொன்னனீங்கள்?"

விஜயபாஸ்கர் வாசலைப் பார்த்தார். மீராசா பாய் யாரிடமோ போனில் அரபியில் கெஞ்சிக்கொண்டிருந்தார். மேனேஜர் குரலைத் தாழ்த்தினார்.

"போனவருக்கு என்ன ஆகப்போகுது? அவரைப் பிடிச்சு யாரு உள்ள வைக்கப் போறா? இருக்கிறவங்க பன்னெண்டு பேரு இந்தக் கான்ட்ராக்டை நம்பி இருக்கோம். வெள்ளக்காரன் ஏதோ கமிட்டி போட்டு ஆராய்ச்சி பண்றான், அவன் ஊர் பாலிடிக்ஸ். நமக்கு எதுக்கு? பதினாறுதான் தம்பி. மணி பதினொன்னே கால். உங்க அத்தை அங்க வாசலைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க."

கடைசியாகச் சொன்னதுதான் அவனைக் குத்தியது. எழும்பிச் சுவர்ப் பக்கம் போய் யாழ்ப்பாணத்துக்கு எடுத்தான். சுந்தரம்பாள் மாமி உடனே எடுத்தாள். பின்னால் கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது. பந்தல் போட்டிருந்தார்கள்.

"ஏத்தியாச்சே தம்பி?"

அவன் சொன்னான். பச்சையும் சிவப்பும் மாமிக்கு விளங்கியதோ தெரியவில்லை. நம்பரைக் கொடுத்தால் இண்டைக்கே, கொடுக்காவிட்டால் திங்கள் என்பது விளங்கியது. பின்னால் யாரோ, "என்னவாம்? எத்தினை மணியாம்?" என்று கேட்டார்கள்.

"எங்கட கலியாண எழுத்திலையும்," என்றாள் மாமி, "பதிவுகாரரை நிப்பாட்டி வைச்சு முழுக்க வாசிச்ச மனுசன். என்ர அப்பா கோவத்தில எழும்பிப் போகப் பாத்தவர். என்ர பெயரில ஒரு எழுத்துப் பிழை பிடிச்சு, திருத்தின பிறகுதான் கையெழுத்து வைச்சவர்." மூக்கை உறிஞ்சினாள். "பந்தல்காரனுக்கு நான் சொல்லுறன். திங்கள் எண்டு."

விஜயபாஸ்கர் எழும்பி நின்றார். தயாபரனின் முகத்திலேயே பதில் தெரிந்திருக்க வேண்டும்.

"மாமா செவ்வாய்க்கிழமை ஆறு நாப்பதுக்குச் செத்தவர் எண்டு பேப்பரில கிடக்கு, சேர்," என்றான். "நாற்பத்தைஞ்சும் அதுக்குப் பிறகு அமத்தினது."

மேனேஜர் அவனைப் பார்த்தார். கோபமா, பயமா என்று பிரிக்க முடியவில்லை. கோப்பைத் திறந்து, விசா பேப்பர் இருக்கிறதா என்று பார்த்தார், மூடினார்.

"இதுல ஒரு சீல் விட்டுப்போச்சு. திங்கக்கிழமை பார்க்கலாம் தம்பி."

கார் போன பிறகும் டீக் கப் பெஞ்சில் இருந்தது. தயாபரன் அதைத் தொடவில்லை.

மீராசா பாய் வந்தார். "என்னப்பா, பேப்பர் எங்க?"

"திங்கக்கிழமையாம் பாய்."

பாய் அவனையும் கப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "தராம இருக்க முடியாதுப்பா. இழுப்பானுங்க. எத்தனை பார்த்திருக்கேன்," என்று சொல்லிவிட்டு, மாமாவை இன்னும் மூன்று நாள் உள்ளே வைத்திருக்க ஒரு படிவம் வாங்கி வந்தார். தயாபரன் பேனாவைத் திறந்தான். ஆங்கிலத்தில் ஒரு பக்கம், அரபியில் ஒரு பக்கம். ஆங்கிலத்தை முதல் வரியில் இருந்து வாசிக்கத் தொடங்கினான். அரபியைப் பாய் விரல் வைத்துச் சொல்லச் சொல்லக் கேட்டான். குளிர் அறைக்காரன் கதவைப் பிடித்தபடி, "யல்லா பாய், ஜல்தி," என்று அவசரப்படுத்தினான்.

"இருப்பா, படிக்கட்டும்," என்றார் பாய்.

கையெழுத்து வைத்ததும் குளிர் அறைக்காரன் அட்டையில் இருந்த தேதியை வெட்டிப் புதுத் தேதி எழுதிக்கொண்டு உள்ளே போனான்.

பெஞ்சில் மாமாவின் போன் அதிர்ந்தது.

"எடுக்கலையா?"

"மாமாவுக்கு வந்தது, பாய்."

ஆறு இலக்கங்கள் வெளிச்சமாக நின்றன. பிறகு திரை மங்கியது. உள்ளே சில்லுகள் கிறீச்சிட்டன, தட்டு திரும்பிப் போனது. போன் மறுபடியும் வெளிச்சமானது.