மிஸஸ் கௌவர்ட்

ஹெஸ்டர் மார்ஷலுக்கு இருபது வயது. இன்னும் ஒரு வயது கூடியிருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. இருபத்தொன்று நிரம்பாத பெண்ணின் கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்கும்போது, தகப்பன் எழுந்து "சம்மதமில்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் அறிவிப்பு செல்லாது.

இரண்டாம் ஞாயிறு பாதிரியார் இபட்சன் "வில்ஃப்ரெட் கௌவர்ட்" என்று வாசித்ததும் பின்பெஞ்சுகளில் சிரிப்பு கிளம்பியது. கௌவர்ட் என்றால் கோழை. உலக யுத்தம் முடிந்து ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. வில்ஃப்ரெட் காலில் குண்டுச் சில்லோடு ஊர் திரும்பியவன். ஆனால் அறிவிப்பில் கால் காயத்தையா வாசிக்கிறார்கள்?

அப்பா, ஓய்வுபெற்ற சார்ஜென்ட், வீட்டுக்கு வந்ததும் வெடித்தார்.

"பையன் தங்கம்தான். பேரு? மார்ஷல்ங்கிறது தளபதிக்குக் குடுக்கிற பட்டம். அதை விட்டுட்டு மிஸஸ் கோழையா ஆகப்போறியா? வர்ற ஞாயிறு நான் எந்திரிக்கத்தான் போறேன்."

"பேரை மாத்திக்கிறேன் ஹெஸ்டர்," என்றான் வில்ஃப்ரெட்.

"நாலு பேரு சிரிச்சதுக்குப் பயந்தா? அப்பத்தான் அந்தப் பேரு உனக்குக் கச்சிதமாப் பொருந்தும்."

சனிக்கிழமை, கோயிலின் பித்தளை விளக்குகளைத் துடைத்துக்கொண்டே பாதிரியாரிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். அவர் இரும்புப் பெட்டியைத் திறந்து பழைய பதிவேட்டை எடுத்தார்.

"இங்க பாரும்மா. முன்னூறு வருஷத்துக்கு முந்தி, வில்ஃப்ரெடோட முப்பாட்டன் வழியில, தாமஸ் கௌஹெர்ட். மாடு மேய்க்கிறவன்னு அர்த்தம். பேரன் காலத்துல நடுவுல இருந்த 'ஹெ' தேஞ்சு போச்சு. எழுதினவரு காதுல விழுந்தபடி எழுதிட்டாரு."

"அப்ப கோழை?"

"அது பிரெஞ்சுக்காரன் கொண்டுவந்த வேற வார்த்தை. கேக்கறதுக்கு ஒண்ணாட்டம் இருக்கு, அவ்வளவுதான்." கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "உங்கப்பா பேரையும் பாத்துடலாமா?"

அலமாரியிலிருந்து தடித்த அகராதி இறங்கியது.

அன்று மாலை அப்பா, மாவுக்குள் பன்றிக்கறி அடைத்துச் சுட்ட 'பை' பண்டத்தைக் கத்தியால் அறுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டார்.

"மாட்டுக்காரனா? அதுல என்ன பெருமை?"

"மார்ஷல்னா ஆதியில குதிரைக்காரன் அப்பா. லாயத்துல சாணி அள்ளினவரு. தளபதியெல்லாம் பின்னாடி வந்தது."

அப்பா கத்தியை வைத்தார். தட்டில் பாதி அப்படியே கிடக்க, நாயை அழைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஞாயிறு. பாதிரியார் பெயர்களை வாசித்து, "தடை சொல்ல யாராவது உண்டா?" என்றார்.

அப்பா எழுந்தார். ஹெஸ்டரின் விரல்கள் ஜெபப் புத்தகத்தை நசுக்கின. பக்கத்தில் வில்ஃப்ரெட் காயக் காலை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அப்பா பாதிரியாரைப் பார்க்கவில்லை. திரும்பிப் பின்பெஞ்சுகளைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாக, அணிவகுப்பைப் பார்வையிடுவதுபோல.

"தடை எதுவும் இல்ல ஐயா. போன வாரம் சிரிச்சவங்க இன்னிக்கும் சிரிக்கிறாங்களான்னு பாத்தேன்."

உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. ஹெஸ்டருக்குத்தான் சிரிப்பு வந்தது. கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டாள், கண்ணில் நீர் முட்டியது.

வாசலில் அப்பா வில்ஃப்ரெடின் தோளைத் தட்டினார்.

"வாய்யா மாட்டுக்காரா. வீட்டுல அந்தப் பன்றிக்கறிப் 'பை' பாதி மிச்சமிருக்கு."

"நீங்க முன்னாடி போங்க, குதிரைக்காரரே," என்றான் வில்ஃப்ரெட்.