காமாலைக்கு ஊசி

தாம்பரத்திலிருந்து வந்த மின்ரயில் பார்க் ஸ்டேஷனில் நிற்பதற்குள்ளேயே அம்மணி புருஷனைத் தோளில் சாய்த்துத் தூக்கிவிட்டாள். குரோம்பேட்டைத் தோல் கிடங்கில் மூட்டை தூக்குகிற ரத்தினத்தின் உடம்பு வெடவெடவென்று ஆடியது. கண் மஞ்சள், நகம் மஞ்சள். வலது விலாவுக்குக் கீழே கை பட்டால் அலறினான்.

பின்னாலேயே அவன் அக்கா தாயாரம்மாள் ஓடிவந்தாள். பதினெட்டு நாளாகக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தவள் அவள்தான்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "இது நீங்க நினைக்கிற காமாலை இல்லம்மா. பித்தப்பையில இருந்த கல்லு நழுவி, பித்தம் போற குழாயை அடைச்சிருக்கு. உள்ளே சீழ் வைக்குது. இப்பவே ஊசி போடணும். ஜுரம் இறங்கினதும் ஆபரேஷன். விட்டா ஆளு தங்கமாட்டாரு."

நர்ஸ் ஊசியோடு வந்ததும் தாயாரம்மாள் குறுக்கே பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள். "காமாலைக்கு ஊசியா! எங்கப்பன் ஊசி போட்ட அன்னிக்கே பூட்டாரு. என் தம்பியையும் சாவடிக்கப் பாக்கறியா? அம்மணி, இன்னாடி மரம் மாரி நிக்கறே?"

அம்மணி புருஷனையும் ஊசியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர்கள் குடியிருக்கும் இரும்புலியூரில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். ஊசி போட்டுச் செத்தால் கொன்றவள் அவள். போடாமல் செத்தாலும் அவள்தான். போன வருஷம் அவளுக்கே காமாலை வந்து, இதே மருந்தில் பத்து நாளில் இறங்கியது. அப்போது இந்த வலி ஏது, இந்தக் குளிர்ஜுரம் ஏது?

"அக்கா, எனக்கு எறங்கிச்சு, இவருக்கு ஏறிகினே போவுது. உன் மருந்து மேல தப்பு இல்ல. நோவே வேற. கையை எடு!"

"வுடுக்கா," என்று பற்கள் தந்தியடிக்க ரத்தினம் முனகினான். "ஊசி போடாமலே முக்கா செத்துட்டேன். மீதி காலுக்கு இன்னாத்துக்கு சண்டை?"

தாயாரம்மாளின் கை தளர்ந்தது. ஊசி இறங்கியது. ஆபரேஷன் காகிதத்தில் அம்மணி கட்டைவிரலை அழுத்தினாள்.

மறுநாள் நடுக்கம் நின்றது. ஐந்தாம் நாள் கடலைப்பருப்பு அளவில் ஏழு கல்லை எடுத்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் காலை, ஜன்னல் வெளிச்சத்தில் அவன் கீழிமையை இழுத்துப் பார்த்தாள் அம்மணி. மறு கண்ணையும் இழுத்தாள்.

"கண்ணைப் புடுங்கிடப் போறே," என்றான்.

"மஞ்ச போச்சு! அக்கா, ஓடியா, கண்ணு வெள்ளையா கீது!"

வார்டே திரும்பிப் பார்த்தது. "ஏம்மா, இது ஆஸ்பத்திரியா, மீன் மார்க்கெட்டா?" என்று நர்ஸ் அதட்டினாள்.

தாயாரம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நர்ஸுக்கு எதிரே வந்து நின்றாள். "அவ புருஷன் பொழைச்சிருக்கான். கத்தட்டும் வுடும்மா. நீ கத்துடி!"