சலவைக்கடைக் கொல்லையில் பறந்த விண்கலம்

சலவைக்கடைக்குப் பின்னால் உள்ள கொல்லையில் விண்கலம் பறந்ததாக ஊர் நம்ப ஆரம்பித்து இருபத்தைந்து வருஷமாகிறது. அது விண்கலம் அல்ல, தன் வீட்டுப் பாத்திர மூடி என்று கடைக்கார அக்கா சொல்ல ஆரம்பித்தும் அதே இருபத்தைந்து வருஷம்தான். முதல் செய்தி பத்திரிகையில் வந்தது. இரண்டாவது செய்தி கொடிக்கயிற்றைத் தாண்டவில்லை.

மூடியை வீசியது அக்காவின் தம்பி. புதுக் கேமரா வாங்கியிருந்த சிநேகிதன் படம் எடுத்தான். சிநேகிதன் வெளிநாடு போய் அங்கேயே செத்தும் போனான். தம்பி எங்கும் போகவில்லை, வேலைக்கும்கூட. 'நேரில் கண்டவர்' என்பதே அவனுக்கு உத்தியோகமாகிவிட்டது. மேடையில் நாற்காலி, கூட்டத்தில் கைதட்டல், தெருவில் 'பறக்கும் தட்டு' என்று பட்டப்பெயர்.

அந்த ஒரு படத்தைப் பற்றி விண்பொருள் ஆய்வுக் கழகம் புத்தகமே போட்டிருந்தது. மூடியின் பிடி உடைந்துபோனதால் அக்கா அதில் ஒரு காலி நூல்கட்டையை வைத்துத் திருகியிருந்தாள். புத்தகத்தில் அது 'தளபதியின் அறை'. படத்தின் குறுக்கே ஓடும் கொடிக்கயிறு 'ஒளிக்கற்றை'. ஓரத்தில் தெரிந்த தலையணை உறை என்னவென்பதில் மட்டும் கழகத்துக்குள் இரண்டு கட்சி. ஒரு கட்சி இன்னொன்றோடு பேசுவதில்லை.

அக்காவுக்கு இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, கழகம் அதே கொல்லையில் நினைவுத்தூண் எழுப்பத் தீர்மானிக்கும்வரை. நிலம் நகராட்சியுடையது, அக்கா வாடகைக்கு வைத்திருந்தாள். கழகத்தார் வந்து பார்த்து 'இடம் இதுதான்' என்று எழுதிக் கொடுத்தால் நகராட்சி தூக்கிக் கொடுத்துவிடும். கொல்லை போனால் துணி உலர்த்த இடமில்லை. துணி உலராத சலவைக்கடையை யார் எட்டிப் பார்ப்பார்கள்?

கழகத்தார் வரும் அன்று காலை தம்பியைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"டேய், இன்னிக்காவது வாயைத் திறந்து மூடின்னு சொல்லுடா. ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

"நீ அன்னிக்கு உள்ள வேலையா இருந்தே அக்கா. நீ எங்க பார்த்தே?"

"மூடியில்லாம பொங்கி வழிஞ்ச பாத்திரத்தைப் பார்த்தேனே, போதாதா?"

தம்பி குரலைத் தாழ்த்தினான். "முதல்ல வீசினது மூடிதான். அப்புறம் நிஜமாவே ஒண்ணு வந்துச்சோன்னு எனக்கே ஒரு சந்தேகம்."

"வந்துச்சா? வந்ததுதான் வந்துச்சு, உனக்கு ஒரு வேலை போட்டுக் கொடுத்துட்டுப் போயிருக்கலாமே!"

அதற்குள் வந்துவிட்டார்கள். முன்னால் தலைவர், ஓய்வு பெற்ற அதிகாரி. எந்த இலாகா என்று கேட்டால் ரகசியம் என்பார். அவர் சட்டைகளைத் தேய்க்கும் அக்காவுக்குத் தெரியும்: தண்ணீர் வரி. அவருக்குப் பின்னால் அளவு நாடாவோடு செயலாளர். அவருக்கும் பின்னால் உறுப்பினர்கள், காயப்போட்ட படுக்கை விரிப்புகளை விலக்கிக்கொண்டு. ஈர விரிப்பு ஒன்று கயிற்றிலிருந்து நழுவி விழுந்தது. வானத்தைப் பார்த்தபடியே எல்லோரும் அதன்மேல் நடந்தார்கள்.

அக்கா உள்ளே ஓடி, அடுப்பில் இருந்த பாத்திரத்தின் மூடியை எடுத்து வந்து தலைவரின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இதோ உங்க தளபதி அறை. நூல்கட்டை. தொட்டுப் பாருங்க, ஆடும்."

தலைவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "ஆச்சரியம்! விண்கலத்தைக் கண்ட பாதிப்பில், தாங்களே அறியாமல் அதே வடிவில் ஒரு மூடி செய்திருக்கிறீர்கள்."

"நான் எங்கய்யா செஞ்சேன்? கடையில வாங்கினது!"

"கடைக்காரரும் கண்டிருக்கிறார்," என்று செயலாளர் எழுதிக்கொண்டார்.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீசினாள் ஒரு வீச்சு. மூடி சுழன்று, நூல்கட்டையைத் தலையில் தாங்கி, கொடிக்கயிற்றுக்கு மேலே அச்சு அசலாகப் படத்தில் இருப்பதுபோலவே பறந்து, துவைக்கிற தொட்டியருகே விழுந்தது.

"இல்லையம்மா," என்றார் தலைவர் இரக்கத்தோடு. "அசலுக்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்! இது மூடி என்று பார்த்தாலே தெரிகிறதே."

செயலாளர் அதை எடுத்தார். "ஐயா, இன்னும் சூடு ஆறவில்லை!" என்று கூவி, கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"ஐயோ, அது எனக்கு வேணும்!"

"அறிவியலுக்கும் வேண்டும்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி தன் செருப்பைப் பார்த்தான். இத்தனை வருஷம் உண்மையைச் சொல்லி என்ன கிழித்தோம் என்று அவளுக்குத் தோன்றியது. ஈரக் கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"சரி, இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது. இங்க அது பறந்தது மட்டும்தான். இறங்கினது இங்க இல்ல."

உறுப்பினர்கள் வானத்தை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தார்கள்.

"பின்னே எங்கே?" என்றார் செயலாளர்.

"அந்த வெள்ளைச் சுவருக்கு அந்தப் பக்கம். ரோஜாச் செடி தழதழன்னு நிக்குதே, அங்க. மத்தவங்க வீட்டு ரோஜா அந்த மாதிரியா பூக்குது? யோசிச்சுப் பாருங்க."

வெள்ளைச் சுவருக்கு அந்தப் பக்கம் தலைவரின் வீடு. ரோஜாத் தோட்டம் அவர் உயிர்.

"அபத்தம்!" என்றார் தலைவர்.

"நேரில் கண்டவர் என்ன சொல்கிறார்?" என்று செயலாளர் தம்பியிடம் திரும்பினார்.

சின்ன வயதில் காதைத் திருகுவதற்கு முன்னால் பார்ப்பாளே, அந்தப் பார்வை பார்த்தாள் அக்கா.

"ஆமா," என்றான் தம்பி. "ரோஜாப் பக்கம்தான். தலைவர் மனசு நோகுமேன்னு இத்தனை நாள் சொல்லல."

கூட்டம் சுவரை நோக்கி நகர்ந்தது. தலைவர் கையை விரித்து மறித்தார். "நில்லுங்கய்யா! செடியில கை வைக்காதீங்க! விண்கலமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல! வெறும் பாத்திர மூடி! நூல்கட்டை வெச்ச மூடி!" அவருடைய மேடைத் தமிழ் போன இடம் தெரியவில்லை.

"மேலிடத்து நெருக்கடி," என்றார் செயலாளர் தணிந்த குரலில். "பாவம், ரகசிய இலாகாவில் இருந்தவர்."

அளவு நாடாவின் முனை சுவரைத் தாண்டிப் போனது.

கொல்லை காலியானதும் அக்கா கீழே கிடந்த விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள். வெள்ளைத் துணி முழுக்கச் செருப்புத் தடம். உள்ளே பாத்திரம் பொங்கி அடுப்பில் வழியும் சத்தம் கேட்டது.

"நீ இவ்வளவு நல்லா புளுகுவேன்னு எனக்குத் தெரியாதே அக்கா," என்றான் தம்பி, மரியாதையோடு.

"எனக்கும்தான் தெரியாது. தெரிஞ்சிருந்தா இருபத்தஞ்சு வருஷம் தொண்டை தண்ணி வத்தக் கத்தியிருப்பேனா?" விரிப்பைச் சுருட்டி அவன் தோளில் போட்டாள். "இதைத் துவைச்சுப் போடு. அப்புறம் போய் என் மூடியை வாங்கிட்டு வா."

"கேட்டா கொடுக்க மாட்டாங்களே."

"தளபதி கேட்டார்னு சொல்லு."