ஓட்டை போட்ட பனிவாரி

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. பலகைகளை மாட்டிக்கொண்டு பனிமலை ஏறிச் சறுக்கி இறங்குபவர்கள் எதை வாங்கலாம், எப்படிச் சோதிக்கலாம், நட்சத்திரம் போட்டு எழுதுங்கள் என்று ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் ஒரு பத்திரிகை கேட்டது. காலணிக்கு நான்கு, பலகைக்கு மூன்று என்று தாராளமாகப் போட்டுக்கொண்டே வந்து, பனியைத் தோண்டி வாரும் கையடக்கக் கருவியான பனிவாரியில் நின்றுவிட்டேன். வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நட்சத்திரத்துக்குப் பதிலாக சென்சி என்றொரு பெண் வந்தாள்.

(பத்திரிகைக்கு இன்னும் சொல்லவில்லை. பாதிப் பணம் வாங்கியாயிற்று.)

2

முதல் தொடக்கம்: 'வெண்பனி போர்த்திய சிகரங்கள் பொன்னொளியில்…' வேண்டாம். இங்கே குடியிருப்பவன் எவனும் சிகரத்தை அப்படிப் பார்ப்பதில்லை. நாளைக்குச் சரியுமா என்றுதான் பார்க்கிறான்.

இரண்டாவது: 'ரோமெட் ஒரு மடையன்.' உண்மைதான். ஆனால் அவசரம்.

மூன்றாவது: ரோமெட் வீட்டுச் சமையலறைத் தராசில் மாவு ஏறி வருடங்களாகின்றன. கையுறை ஏறியிருக்கிறது. ஏற்றத்தில் வழுக்காமலிருக்கப் பலகையின் அடியில் ஒட்டும் தோல் ஏறியிருக்கிறது. பல்துலக்கியின் கைப்பிடியை அறுத்து, மிச்சத்தையும் நிறுத்துப் பார்த்துவிட்டான்.*

* சிரிக்காதீர்கள். எங்கள் பள்ளத்தாக்கில் இப்படி கிராம் கிராமாகச் சுமையைக் குறைப்பது நோயல்ல, நாகரிகம். தராசில் ஏறாதது அவனுடைய தொப்பை மட்டும்தான்.

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

ரோமெட்டும் சென்சியும் ஒரே வீட்டில் வாழ்கிறவர்கள். வசந்தகாலத்து மலைப் பந்தயத்திலும் அவர்கள் ஒரு ஜோடி. ஞாயிற்றுக்கிழமை வடக்குச் சரிவில் பயிற்சி. சென்சி முன்னால், அவன் பின்னால். சரிவு உடைவது பெரும்பாலும் முன்னால் போகிறவர் காலடியில்தான். பனிச்சரிவு அறிக்கை 'கவனம்' என்றது. எங்கள் ஊரில் அதைக் கேட்டு வீட்டில் உட்கார்ந்தவர் யாருமில்லை.

சனிக்கிழமை காலை கார் ஷெட்டில் டிரில் ஓடும் சத்தம். சென்சி எட்டிப் பார்த்தாள். அவன் தன் பனிவாரியின் அலகில் வரிசையாக ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான்.

"என்னடா இது, நூடுல்ஸ் வடிக்கவா?"

"எடை குறைக்கிறேன். தூக்கிப் பாரேன், கையில இருக்கறதே தெரியாது."

"எதுக்கு இருக்குன்னும் தெரியல போலிருக்கே."

"பேசுவ. ஒவ்வொரு கிராமையும் சுமக்கறது என் முதுகு."

"சரி. யாருக்காகச் சுமக்கற?"

[இங்கே அன்பு, நம்பிக்கை என்றெல்லாம் ஒரு பத்தி இருந்தது. அழித்துவிட்டேன். இவ்வளவுதான் விஷயம்: சரிவில் புதைந்தவர் தன் பனிவாரியால் தன்னைத் தோண்டிக்கொள்ள முடியாது. மேலே நிற்பவர்தான் தோண்ட வேண்டும். ரோமெட்டின் பையிலிருப்பது ரோமெட்டுடையதே அல்ல. சென்சியுடையது.]

4

இந்த இடத்தில் ரோமெட்டின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. இத்தனை காலம் மலையில் கிடந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். மற்றவர்களுக்குப் பாடமே எடுப்பான். ஆனால் தராசு எவ்வளவு என்று மட்டும்தான் சொல்கிறது. யாருக்கு என்று சொல்வதில்லை.

சென்சி வாதாடவில்லை. அவனுடைய புத்தம்புதுக் காலணிகளை, உலகிலேயே அவன் அதிகம் நேசிக்கும் பொருளை, ஒரு ஆப்பிள் பெட்டியில் வைத்தாள். புதைந்தவரைக் கண்டுபிடிக்க மார்பில் கட்டிக்கொள்ளும் தன் சமிக்ஞைக் கருவியை முடுக்கி அதோடு சேர்த்தாள். கார் நிறுத்துமிடத்தில் பனி தள்ளும் வண்டி ஓட்டும் அல்பானிடம் சொல்லி, பெட்டியின் மேல் ஒரு குவியலைத் தள்ளவைத்தாள். அப்படித் தள்ளிய பனி சிமெண்ட் மாதிரி இறுகும். சரிந்து நின்ற பனியும் அப்படித்தான். மதியத்துக்கு மேல் அவனைக் கூப்பிட்டாள்.

"உன் காலணி உள்ள இருக்கு. தோண்டு."

"என் காலணியா? பைத்தியமாடி உனக்கு?"

"நான் உள்ள இருந்தா இவ்வளவு பதறுவியான்னு தெரியல. தோண்டு."

கருவியின் சமிக்ஞையைப் பிடித்து இடத்தைக் கண்டான். நீளக் கம்பியால் குத்தி ஆழம் பார்த்தான். அதிலெல்லாம் கெட்டிக்காரன். பிறகு பனிவாரியை ஓங்கினான். மூன்றாவது குத்தில், தபால்தலைத் தாளை ஓட்டை வரிசையோடு கிழித்ததுபோல, அலகு பாதியாகக் கையோடு வந்தது.

அல்பான் வண்டியிலிருந்து தலையை நீட்டினான். "தம்பி, ஸ்பூன் தரட்டுமா? டிபன் டப்பால இருக்கு!"

ரோமெட் மிச்ச அலகால் சுரண்டினான். கையால் பிறாண்டினான். சென்சி காரின் பின்பக்கம் உட்கார்ந்து, புகைபோட்ட பன்றி இறைச்சியும் கறுப்பு ரொட்டியும் தின்றாள்.

"சென்சி."

"ம்."

"இன்னும் வரல."

"தெரியும். நான் உள்ளதான் இருக்கேன்."

அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவள் எழுந்து தன் பனிவாரியைக் கொடுத்தாள். காலணிகள் ஒரு கீறலுமின்றி வந்தன. அவன் அவற்றைப் பார்க்கவில்லை.

5

முடிவு ஒன்று: கனமான பனிவாரி வாங்குகிறான், சூரியன் சிரிக்கிறது. பத்திரிகைக்குப் பிடிக்கும், கீழே விளம்பரமும் போடலாம். ஆனால் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எங்கள் ஊரில் கடை கிடையாது.

முடிவு இரண்டு: சரிவு உடைகிறது, சென்சி… இல்லை. கதை முடியவேண்டும் என்பதற்காக ஒருத்தியைப் புதைக்கும் எழுத்தாளனுக்கும் அந்த டிரிலுக்கும் என்ன வித்தியா—

எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். ஞாயிறு காலை, அதே கார் நிறுத்துமிடம். கிளம்புமுன் ஒருவர் நிற்க மற்றவர் அவரைக் கடந்துபோவது வழக்கம், கருவி பேசுகிறதா என்று கேட்க. சென்சி கடந்தாள். கருவி பேசியது. திரும்பி வந்து, தன் முழுப் பனிவாரியை அவன் பையில் செருகினாள்.

"அப்போ உனக்கு?"

"உடைஞ்சது எனக்கு. நீ புதைஞ்சா நான் அதுலதான் தோண்டணும்." பையை மாட்டிக்கொண்டாள். "இன்னைக்கு யாரு முன்னால போறது? நீயே சொல்லு."

அவன் சரிவைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். வாயைத் திறந்தான்.

நான் எழுதுவதை இங்கே நிறுத்துகிறேன். அவன் சொன்ன பதிலை என்னிடம் கேட்காதீர்கள். உங்கள் பின்னால் பையை மாட்டிக்கொண்டு ஒருவர் வந்துகொண்டிருக்கிறார் அல்லவா, திரும்பி அவரைக் கேளுங்கள். நட்சத்திரத்தையும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.